வேடப் பெயரும் வீட்டுப் பெயரும்

மரக்காணம் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு நினைவில் எழுவது உப்பளங்கள். பாத்தி பாத்தியாய்த் தேங்கிய கடல்நீர், வரப்போரம் குவித்து வைத்த வெள்ளை உப்பு, கண்ணைக் கூசச் செய்யும் வெயில். சங்க இலக்கியம் பயின்றவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. செஞ்சியை நடுவாகக் கொண்டு பரவிய திரௌபதி அம்மன் வழிபாட்டின் எல்லைக்குள் இந்தப் பகுதியும் அடங்கும். கோடையில், உப்பு வாரும் அதே மாதங்களில், இவ்வட்டாரத்து ஊர்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும்.

இக்கூத்துக் கலைஞர்களைப் பற்றித் தொடராக எழுதலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். முதல் தடை நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நாங்கள் சந்தித்தவர்களுள் ஒருவர் மணிக்கணக்கில் பேசினார், அடவு காட்டினார், பாடியும் காட்டினார். குறிப்பேட்டை மூடும் நேரத்தில், "நோட்டீஸ்ல இருக்கிற பேர மட்டும் போட்டுக்குங்க சார். வீட்டுப் பேரும் ஊரும் வேணாம்" என்றார். காரணத்தையும் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் விவாதம். "பெயரும் ஊரும் இல்லாத வரலாறு வரலாறாகுமா? இன்று நாம் எழுதாவிட்டால் இவரை நாளை யார் அறிவார்?" என்றார் ஒரு நண்பர். "அவர் தந்தது பேச்சைத்தானே, பெயரை இல்லையே!" என்றார் மற்றொருவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆட்டக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் பற்றித் தமிழில் எழுதியவர்கள் அவர்களுடைய பெயரை எப்படிக் கையாண்டார்கள் என்று சற்றே பின்னோக்கிப் பார்ப்பது என முடிவாயிற்று. அதன் விளைவே இக்கட்டுரை.

பெயர் சுட்டா மரபு

மரக்காணத்திலிருந்தே தொடங்குவோம். சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடன். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீனும் முதிர்ந்த தேறலும் தந்து விருந்தோம்பும் செய்தி வரை அனைத்தும் விரிவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவ்விருந்தை உண்ணப் போகும் பாணனுக்குப் பெயர் இல்லை. அவனோடு செல்லும் விறலியருக்கும் இல்லை. விறலியின் கூந்தல் முதல் பாதம் வரை வருணித்த புலவர், அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை.

இதை மரபு என்று எளிதில் கடந்துவிடலாம். ஆற்றுப்படையில் வரும் பாணன் தனி மனிதன் அல்லன், ஒரு வகை மாதிரி என்று விளக்கமும் தரலாம். எனினும் வள்ளலின் பெயரும் வழியின் பெயரும் நிலைத்து, கலைஞனின் பெயர் மட்டும் கரைந்துபோன நிலை நம் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

பெயர் சுட்டாமைக்கு வேறொரு முகமும் உண்டு. அன்பின் ஐந்திணை பற்றிய பாடல்களில் யாரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. காதலும் ஊடலும் பிரிவும் உலகத்தார் அனைவருக்கும் பொது. பெயர் சொல்லிவிட்டால் அது ஒருவருடைய கதையாகிவிடும். இலக்கண நூல் ஒன்று மனிதரின் அந்தரங்கத்துக்கு இட்ட வேலி என்றே இதை நாம் கொள்ளலாம். புறத்தில் பெயர் சொல், அகத்தில் சொல்லாதே. வீரமும் கொடையும் ஊரறியச் செய்தவை, ஆகவே அவற்றுக்குப் பெயர் வேண்டும். படுக்கையறை அவ்வாறன்று.

இவ்விதியின் நுட்பம் நெடுநல்வாடையில் வெளிப்படுகிறது. நக்கீரர் பாடிய அப்பாட்டில் தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியும், பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனும் வருகின்றனர். இருவருக்கும் பெயர் கிடையாது. அகப்பாட்டு என்றே கொள்ளத் தோன்றும். ஆனால் அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலில் வேம்பு சூட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அது ஒன்றே போதும், இன்னார் என்று சுட்டியதாகிவிட்டது, ஆகவே இது புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பெயரை மறைத்துவிட்டால் மட்டும் ஆளை மறைத்ததாகாது, ஒரு சிறு அடையாளமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதை உணர்ந்த உரையாசிரியர் அவர்! இந்த வேம்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் தேவைப்படும்.

கல்லில் பொறித்த பெயர்கள்

அப்படியானால் பெயர் சொல்லாமல் விடுவதே சிறந்ததா? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வேறுவிதமாகப் பதில் சொல்கிறது.

முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஐ ஒட்டி, பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு வரவழைத்துக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. பெயர் மட்டுமா? எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அப்பங்கு நெருங்கிய உறவினரில் தகுதியுடையவருக்குச் செல்ல வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இன்றைய கண்ணுக்கு இது ஓர் ஆடற்கலைஞரின் முழு முகவரியையும் ஊரறிய எழுதிவைத்த செயலாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் அந்தப் பெயரே அவருடைய உரிமைப் பத்திரம். பெயர் இல்லாவிட்டால் பங்கு இல்லை. கல்லில் பெயர் இருந்ததால்தான் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அவர்களை நாம் 'சில நடன மாதர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் தனித்தனிப் பெண்களாக அறிகிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அப்பெயர்களில் மிகப் பல 'நக்கன்' என்ற சொல்லோடு தொடங்குகின்றன. நக்கன் என்பது சிவபெருமானின் பெயர். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இறைவன் பெயர் நிற்கிறது. ஆகவே அங்கும் நாம் காண்பது வீட்டுப் பெயர் அன்று, தொழிலோடு சேர்ந்து வந்த பெயரே எனலாம்.

நம் காலத்துக்கு வந்தாலும் இதே பாடம்தான். கூத்துப்பட்டறையை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமி, கூத்தைப் பற்றிய தம் கட்டுரைகளில் புரிசை நடேசத் தம்பிரானைப் பெயர் சொல்லி எழுதினார். 'ஒரு கிராமியக் கலைஞர்' என்று எழுதியிருந்தால் அந்த மேதைமை யாருடையது என்று சிற்றிதழ் வாசகர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நகரத்து நடிகருக்கும் பாடகருக்கும் பெயர் போட்டு, கூத்துக்காரரை மட்டும் 'நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர்' என்று எழுதும் வழக்கம் அடக்கம் ஆகாது. அது பறிப்பு.

நோட்டீசும் முதலெழுத்தும்

இருபதாம் நூற்றாண்டு நாடகமேடை தனக்கென ஒரு பெயரிடும் முறையை வளர்த்தது. நாடக நோட்டீசில் நடிகர் பெயருக்கு முன் ஊர்ப் பெயர் வரும்; சில வேளை பட்டமும் வரும். நடித்த வேடமே பெயரானதும் உண்டு. 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் நவாபு வேடம் கட்டிய இராஜமாணிக்கம், நவாப் இராஜமாணிக்கம் ஆனார். அவ்வையாராக நடித்த டி.கே. சண்முகம் அவ்வை சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலையே இன்று அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சங்க நூலைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டில் வந்த உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்களே, அதே முறைதான். கலைஞரை அவருடைய கலையால் அழைப்பது.

அதே காலத்தில் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையிலும் நாடகம் நடந்தது. அங்கே மேடையேறியவர்களில் பலர் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களுக்கு மேடைக்கென்று தனிப்பெயர் தேவைப்படவில்லை. நாடகம் அவர்கள் மதிப்பைக் குறைக்கவில்லை என்பதே காரணம். தொழில்முறை நடிகர்களை மட்டும் ஊர் 'கூத்தாடி' என்றது. மேடைப் பெயர் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தாலே பழிச்சொல் யார் மீது விழுகிறது என்பது விளங்கிவிடும்.

முதலெழுத்தும் பேசும். செங்கோட்டை கங்காதர ஐயர் மகன் எஸ்.ஜி. கிட்டப்பா. கொடுமுடி பாலாம்பாள் மகள் கே.பி. சுந்தராம்பாள். மதுரை சண்முகவடிவு மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி. ஆணுக்குத் தந்தை பெயரின் எழுத்து. இப்பெண்களுக்குத் தாய் பெயரின் எழுத்து. தாய்வழி வந்த அந்த எழுத்தை வைத்தே இன்ன மரபினர் என்று ஊகித்தவர்கள் அன்று இருந்தார்கள். வேலில் சூடிய வேம்பு போலத்தான் இந்த முதலெழுத்தும்! ஆனால் இம்மாபெரும் கலைஞர்கள் அதை மறைக்கவில்லை. கடைசிவரை அவ்வெழுத்தோடேயே வாழ்ந்தார்கள்.

எல்லோருக்கும் அது இயலவில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த பின், எத்தனையோ குடும்பங்கள் பாட்டியின் தொழிலைப் பேச்சிலிருந்தே அகற்றிவிட்டன. அவற்றுக்கு மாறாக, விராலிமலை முருகன் கோயிலில் ஆடிய முத்துக்கண்ணம்மாள் தம் வாழ்வைத் தாமே வெளிப்படையாகப் பேசினார்; 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவரைப் பெயர் சொல்லி எழுதுவது மரியாதை. பேசாதிருக்க விரும்பிய இன்னொரு பாட்டியின் பெயரைத் தோண்டி எடுத்து எழுதுவது அதே மரியாதை ஆகுமா? ஆகாது. செய்தி ஒன்றே, சொல்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

திருநங்கைக் கலைஞர்கள் பற்றி எழுதுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 'நர்த்தகி' என்பது அவர் குரு தஞ்சை கிட்டப்பா பிள்ளை இட்ட பெயர். அவரே விரும்பிச் சூடிய பெயர் அது. அத்தகைய பெயர்களுக்குப் பின்னால் 'உண்மைப் பெயர்' எது என்று தேடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவர்கள் வாழும் பெயரே உண்மைப் பெயர்.

மதுரை வட்டார ஸ்பெஷல் நாடக நடிகைகளைப் பற்றி 2005இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர், அவர்கள் மேடையில் ஆடுவதைப் போலவே, நாடகத்துக்குப் போகும் வழியில் தங்களை மறைத்துக்கொள்வதையும் உன்னிப்பாகக் கவனித்தார். ஊரார் கண்ணில் படாமல் மேடையை அடைவதும், விடிந்ததும் அவ்வாறே திரும்புவதும் அவர்களுடைய உழைப்பின் ஒரு பகுதி என்று காட்டினார். இரவு முழுவதும் ஆயிரம் பேர் பார்க்க ஆடியவர்தானே, பகலில் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. அவர் தந்தது அந்த இரவை மட்டும்.

1944இன் பாடம்

பெயரையும் அந்தரங்கத்தையும் விற்பனைச் சரக்காக்கினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற இதழை நடத்தினார். அதன் உரிமம் பறிக்கப்பட்ட பின் 'இந்து நேசன்' இதழைத் தொடர்ந்தார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையே அவற்றின் முதன்மைச் செய்தி. பணம் கொடுத்தவர்களைப் பற்றி எழுதாமல் விடுவதும் உண்டு என்று அன்றே குற்றஞ்சாட்டப்பட்டது. இதழ்கள் பரபரப்பாக விற்றன. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947இல் இருவரும் விடுதலை ஆயினர். பாகவதர் பழைய உயரத்தை மீண்டும் எட்டவேயில்லை.

இக்கதையில் எழுதியவர் உயிரிழந்தார், எழுதப்பட்டவர்கள் சிறையில் வாடினர். வாங்கிப் படித்தவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. வாசகர்களாகிய நாம் சற்றே சங்கடப்பட வேண்டிய இடம் இது.

சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 1994 அக்டோபரில், உச்ச நீதிமன்றம் வேறொரு தமிழ் இதழின் வழக்கில் ஒரு கோட்டைக் கிழித்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கு அது. அரசு அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி முதலியவற்றைப் பற்றி அவர் இசைவின்றி எவரும் வெளியிடலாகாது என்றும் கூறியது. எழுதியது மெய்யா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டில்லை. பொது ஆவணத்தில் ஏற்கெனவே உள்ள செய்திகளுக்கு விலக்கு உண்டு. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தது.

இகழ்ச்சி மட்டுமன்று, புகழ்ச்சியும் இசைவு பெற்றே வர வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தைத்த இடம். நாங்கள் எழுத நினைத்ததெல்லாம் புகழ்ச்சிதானே!

மீண்டும் மரக்காணம்

இனி அந்த வேம்புக்கு வருவோம். பெயரை நீக்கிவிட்டு, 'மரக்காணத்துக்கு அருகே இன்ன குப்பத்தில், இன்ன வேடம் கட்டும், இத்தனை வயதான, பகலில் இன்ன தொழில் செய்யும் கலைஞர்' என்று எழுதினால் என்ன ஆகும்? சென்னையில் இருக்கும் வாசகருக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாரோ, அந்தப் பத்து ஊர்க்காரர்களுக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நம் ஊர்களில் தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2013 ஏப்ரலில் சாதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்த பகுதி இது. இங்கே ஒரு தெருவின் பெயரை எழுதுவது வெறும் தகவல் ஆகாது.

ஆகவே நாங்கள் சில முடிவுகளுக்கு வந்தோம். கலையைப் பற்றி எழுதும்போது கலைஞர் ஊரறியத் தந்த பெயரை, நோட்டீசில் உள்ளபடியே, தவறாமல் எழுதுவோம். 'ஒரு கலைஞர்' என்று எழுதி அவர் உழைப்பைக் களவாட மாட்டோம். வீடு, குடும்பம், வறுமை, நோய், காதல் ஆகியவை அகம். அவர் கேட்டுக்கொண்டாலன்றி எழுத மாட்டோம். அகத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டிய இடத்தில் மேடைப் பெயரையும் விட்டுவிடுவோம், வேம்பையும் கழற்றிவிடுவோம். அந்தக் கலைஞர் கட்டும் வேடத்தையும், அவர் சொன்ன காரணத்தையும் இக்கட்டுரையில் சொல்லாமல் விட்டது அதனால்தான்.

கலையின் பெயருக்கும் இது பொருந்தும். 'தெருக்கூத்து' என்ற சொல்லில் தெரு என்பது இழிவாக ஒலிப்பதாகக் கருதிய கலைஞர்கள், தாங்கள் அணியும் கட்டை அணிகலன்களைக் கொண்டு 'கட்டைக்கூத்து' என்றே தங்கள் கலையை அழைத்தனர். 1990இல் காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு கட்டைக்கூத்துச் சங்கமும் அமைத்தனர். வேறு சிலர் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையோடு சொல்கின்றனர். எவரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் சொல்லும் பெயரே சரியான பெயர்.

எங்களுக்கு இதைக் கற்பிக்கத் தொல்காப்பியமும் நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. கூத்தைச் சரியாகப் பார்த்திருந்தாலே போதும். திரைக்குப் பின்னால் வேடம் வந்து நிற்கும். கட்டியங்காரன் முன்வந்து, தாங்கள் யார், எந்த நாடு, என்ன பெயர் என்று கேட்பான். வந்தவர் தம் பெயரையும் பெருமையையும் தாமே சொல்லுவார். அவர் சொன்னதைச் சபையோர்க்கு உரக்கச் சொல்வதே கட்டியங்காரனின் வேலை. திரையை அவனாக விலக்கி, "இவர் துரியோதனன் இல்லை, இன்னார் மகன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நாங்களும் கேட்டோம். அவர் சொன்னார். அடுத்த இதழில் அந்தப் பெயரோடு அவர் பாட்டைப் பற்றி எழுதுவோம்.